பத்தொன்பது வெற்றுக் குழிகள்

மகள் வாங்கிய பண்ணை வீட்டில் பால் காய்ச்சிய அன்று பால் பொங்கித் தென்மேற்கே வழிந்தது. கிழக்கே வழியவேண்டும் என்பது எங்கள் ஆட்களின் எதிர்பார்ப்பு. வந்திருந்த பதினேழு பேரில் ஒன்பது பேர் அதைக் கண்டார்கள். நான்கு பேர் கண்டும் காணாதது போல் சுவரைப் பார்த்தார்கள். மிச்சம் நான்கு பேர் தொலைபேசிக்குள் இருந்தார்கள். ஸ்பிரிங்வேலில் இருந்து வந்த அன்ரி ஒருவர்தான் வாய் திறந்தார்.

"அது பரவாயில்லைப் பிள்ளை. இந்த நாட்டில கோடை மாரியே மாறித்தானே வருது. பாலும் மாறி வழியட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. காற்சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த சிறிய நீர்மட்டக் கருவியைத் தரையில் வைத்துப் பார்த்தேன். பாலில் ஒரு பிழையும் இல்லை. கணக்குப்படி அறையின் ஒரு சுவரில் இருந்து மறு சுவருக்குப் போவதற்குள் தரை நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. அடுப்பும் அதோடு சேர்ந்து சாய்ந்திருந்தது.

"இண்டைக்காவது அதைப் பையுக்குள்ள வையுங்கோ" என்றாள் மனைவி.

நான் முப்பத்தெட்டு வருடம் கட்டிட அளவையாளராக வேலை செய்தவன். கொழும்பில் பதினொரு வருடம், மெல்பேர்னில் இருபத்தேழு. ஒரு கட்டிடம் எழும்புவதற்கு முன்பே அதில் எத்தனை கல், எத்தனை கதவு, கதவுக்கு எத்தனை பிணைச்சல் என்று வரைபடத்தைப் பார்த்து எண்ணிச் சொல்வது என் தொழில். ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் எண்ணுவது நிற்கவில்லை. ரோவில் என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டில் இருந்து பஸ் தரிப்பிடத்துக்கு அறுநூற்று நாற்பது அடி எடுத்து வைக்கவேண்டும். முழங்கால் நோகும் நாட்களில் அறுநூற்றுத் தொண்ணூறு. எண்ணாமல் நடந்தால் எதையோ பூட்டாமல் வந்துவிட்டது போல் இருக்கும்.

மகளின் வீடு ரோவிலில் இருந்து காரில் முப்பத்தொரு நிமிடம். மலைகள் தொடங்கும் இடத்தில் இரண்டரை ஏக்கர் நிலம். முன்னால் நின்று பார்த்தால் பலகைச் சுவர், தகரக் கூரை, வராந்தா. அந்தப் பக்கத்தில் அப்படி நூறு வீடு இருக்கும். ஆனால் அந்தப் பலகைகளுக்குள் இன்னொரு பழைய வீடு இருந்தது. இங்கிலாந்தில் இருந்து வந்த ஒரு விவசாயக் குடும்பம், தங்கள் பகுதியில் பண்ணை வீட்டை எப்படிக் கட்டுவார்களோ அப்படியே இங்கும் கட்டியிருக்கிறது. அங்கே ஓக் மரம். இங்கே வெட்டிய யூகலிப்டஸ். அது மட்டும்தான் வித்தியாசம். பின்னால் வந்தவர்கள் இரண்டு பக்கமும் அறைகளைச் சேர்த்து, வெளியே பலகையும் உள்ளே பிளாஸ்டரும் அடித்து அதை மூடிவிட்டார்கள். கடைசியாக இருந்தவர் திருத்தப் போகிறேன் என்று உள் பிளாஸ்டரை எல்லாம் கழற்றி, பாதியில் மனம் வெறுத்து விற்றுவிட்டார். அதனால் பழைய வீட்டின் எலும்பு முழுவதும் வெளியே தெரிந்தது.

அதை இங்கே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் பிழை விளங்காது.

எட்டுத் தூண்கள். நான்கு நான்காக இரண்டு வரிசை. எதிரெதிரே நிற்கும் இரண்டு தூண்களை மேலே ஒரு குறுக்கு வளை சேர்க்கிறது. அப்படி நான்கு சட்டகங்கள். அவற்றின் இடையில் மூன்று இடைவெளிகள், கண்டங்கள் என்போம். நடுக் கண்டத்தில் செங்கல் புகைபோக்கி. தூண்கள் நிலத்தில் நடப்படவில்லை. நிலத்தை ஒட்டிக் கிடக்கும் ஒரு கனமான அடிச்சட்டத்தின் மேல் நிற்கின்றன. தலையில் மேற்சட்டம், அதன் மேல் பக்கத்துக்குப் பதினான்கு கைமரம். தூணும் வளையும் சந்திக்கிற மூலைகளில் சாய்வாகத் தாங்குசட்டங்கள். ஓர் இரும்பாணி கிடையாது. ஒரு மரத்தின் நுனியை நாக்குப் போலச் செதுக்கி, மற்ற மரத்தில் குடைந்த குழிக்குள் அதைச் செருகி, குறுக்கே மர ஆணி அடித்து இறுக்கியிருக்கிறார்கள்.

தூண்கள் எட்டும் தலைகீழாக நின்றன. மரம் வளர்ந்தபோது அடியாக இருந்த பருத்த பக்கம் மேலே. ஏனென்றால் மேற்சட்டமும் குறுக்கு வளையும் ஒரே இடத்தில் வந்து உட்காருகின்றன. அங்கேதான் அகலம் தேவை. இதை நான் ஏணியில் நின்று அளந்தபோதுதான் கண்டேன். கண்டதும், கெட்டிக்காரர்கள்தான் என்று நினைத்தேன். நினைத்ததைக் குறிப்புக் கொப்பியில் எழுதவில்லை.

சுவர்கள் பாரம் தாங்குவதில்லை. அவை தூண்களின் இடையை நிரப்புகின்றன, அவ்வளவுதான். கம்புகளை வரிச்சுப் போலப் பின்னி, வைக்கோலும் சாணமும் குழைத்த மண்ணை இரண்டு பக்கமும் அப்பியிருந்தார்கள்.

"வெள்ளைக்காரனும் சாணியோ?" என்று மனைவி மூக்கை அருகில் கொண்டுபோனாள். "ஒரு மணமும் இல்லை."

"நூறு வருசத்துக்கு மேல ஆச்சு, அத்தை" என்றார் மருமகன். அவர் கோயம்புத்தூர்க்காரர், கணினி வேலை. "அதுக்கப்புறமும் மணந்தா அது பசு இல்ல, வேற ஏதோ."

மகளின் திட்டம் இதுதான். அவளும் அவரும் பின்னால் சேர்த்த புதிய அறைகளில் இருப்பார்கள். பழைய பகுதியைத் திருத்தி, நாங்கள் இருவரும் ரோவிலை விட்டு அங்கே வரவேண்டும். படி இல்லை, குளியலறை பக்கத்தில், சமைக்கிற குசினி இருபத்துநான்கு அடி தூரத்தில். அவள் ஆஸ்பத்திரியில் மாறி மாறி வேலை செய்கிறவள். வேலை முடிந்து வரும் வழியில் எங்களைப் பார்க்க ஓடி வந்து, காரிலேயே உட்கார்ந்து இரண்டு பிஸ்கட் தின்றுவிட்டுப் போவதை மூன்று வருடமாகப் பார்க்கிறோம்.

எங்கள் ஆட்களிடம் மகள் வீட்டில் பெற்றோர் இருப்பது வழக்கம்தான். வீடே சீதனமாக மகளுக்குத்தான் போகும். மருமகனின் ஊரில் அது மகன் வீடு. அவருடைய பெரியப்பா தொலைபேசியில், "என்னப்பா, மாமனாரைத் தத்து எடுத்துட்டியாமே" என்று கேட்டாராம். அதற்கு இவர், "ஆமா பெரியப்பா, எழுபத்தஞ்சு வயசுல கிடைச்சாரு, நல்லா எண்ணத் தெரிஞ்ச பிள்ளை" என்று சொல்லிவிட்டு வந்து எங்களிடமே அதைச் சொன்னார். ஆகவே வழக்கத்தைக் காட்டி நான் தப்ப வழியிருக்கவில்லை.

எனக்குத் தப்பவேண்டியிருந்தது. ரோவில் வீட்டின் ஒவ்வொரு சுவிட்சும் எனக்கு இருட்டில் கை போகும் இடத்தில் இருந்தது. இனி வேறொரு வீட்டில் முதலில் இருந்து எண்ணத் தொடங்க எனக்குத் தெம்பில்லை. அதை வாயால் சொல்ல வெட்கம். அந்த நேரம் பார்த்து மகள் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் ஒருக்கா முழுக்கப் பாத்துச் சொல்லுங்கோ. இதில இருக்கலாமோ, இல்லையோ? நீங்கள் ஓம் எண்டால் திருத்துவம். இல்லையெண்டால் வித்துப்போட்டு விடுவம். பக்கத்துக் காணிக்காரர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்."

நான் இரண்டு சனிக்கிழமை போய்ப் பார்த்து நாற்பத்துமூன்று குறைகள் எழுதினேன். அடிச்சட்டம் தெற்கே ஈரத்தில் மக்கி உக்கல். ஒரு தூணின் பாதம் உக்கல். தரைச் சரிவு. மூன்று ஜன்னல் பூட்டுப்படவில்லை. இப்படி. எல்லாவற்றிலும் பாரதூரமானது பதினாறாம் இலக்கத்தில் இருந்து தொடங்கியது. தூண்களிலும் வளைகளிலும் வெற்றுக் குழிகள் இருந்தன. மரம் செருகுவதற்காகக் குடைந்த குழிகள், உள்ளே மரம் இல்லை. எண்ணினேன், பத்தொன்பது. குழி இருந்தால் அதில் மரம் இருந்திருக்கவேண்டும். மரம் இல்லையென்றால் யாரோ கழற்றிவிட்டார்கள். பத்தொன்பது உறுப்புகள் இல்லாத சட்டகம் எந்த நேரமும் ஒரு பக்கம் சரியலாம். "வசிப்பதற்கு உகந்ததல்ல" என்று கடைசியில் எழுதி, கையெழுத்தும் போட்டேன். மகளுக்குக் கொடுக்கும் தாளில் கையெழுத்து எதற்கு என்று இப்போது யோசிக்கிறேன்.

அவள் அதை எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து நான்கு பக்கமும் வாசித்தாள். முடித்ததும் தாளை இரண்டாக மடித்தாள், பிறகு நான்காக.

"சரி அப்பா" என்றாள். "நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும்."

"மாமா சொன்னா அப்பீலே கிடையாது" என்றார் மருமகன். ஆனால் சிரிக்கவில்லை.

அவள் எழும்பிப் போய்க் குழாயைத் திறந்து, கழுவிய கோப்பைகளை இன்னொரு தரம் கழுவினாள். ஏழு கோப்பை. நான் எண்ணினேன், அதைத் தவிர வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

திங்கட்கிழமை விற்பனை முகவரிடம் போவதாக முடிவாயிற்று. குறைகளை மறைக்காமல் படத்தோடு கொடுத்தால் பின்னால் வில்லங்கம் வராது என்று முகவர் சொன்னாராம். படம் எடுக்க நானே போகிறேன் என்றேன். அரைகுறையாக ஒரு பட்டியலைக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை. சனிக்கிழமை காலை மகள் எங்கள் இருவரையும் அங்கே இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள். மாலை ஐந்துக்கு வந்து ஏற்றுவதாகச் சொன்னாள். மனைவி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

வெளியே நல்ல வெயில். உள்ளே பழைய வீட்டின் ஜன்னல்கள் சிறியவை, பகலிலும் மங்கல்தான். நான் மூன்று படி ஏணியில் நின்று தொலைபேசியால் படம் எடுக்க, மனைவி ரோச் லைற் பிடித்தாள். பதினாறாம் இலக்கம், பதினேழு, பதினெட்டு. பத்தொன்பதில் அவளுக்குக் கை உளைந்துவிட்டது. ரோச்சைத் தூணோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு தோளைத் தேய்த்தாள். வெளிச்சம் குழிக்குள் போகாமல் மரத்தின் மேல் நீளமாக வழுக்கி ஓடியது.

"நேரே பிடியப்பா. என்ன செய்யிறாய்?" என்றேன்.

"பொறுங்கோ. இதில என்னவோ கீறிக் கிடக்கு."

"வெடிப்பாக இருக்கும். அது முப்பத்தாறாம் இலக்கத்தில வருது."

"வெடிப்பு இப்பிடி அடுக்கா வருமோ? இறங்கி வந்து பாருங்கோ."

இறங்கிப் பார்த்தேன். உளியால் வெட்டிய கோடுகள். சாய்வாக இரண்டு கோடு சேர்ந்து ஒரு V. பக்கத்தில் நேர்க்கோடு இரண்டு. ரோமன் எழுத்தில் ஏழு. அந்தத் தூணில் செருகியிருந்த தாங்குசட்டத்தின் நுனியிலும் அதே ஏழு. நேரே வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் அடித்தால் கோட்டின் குழிகளில் நிழல் விழுந்து எண் எழும்பி நிற்கிறது. நான் இரண்டு சனிக்கிழமையும் நேராகவே அடித்திருக்கிறேன்.

யார், எதற்காக எண்ணினார்கள் என்று உடனே விளங்கியது. தச்சர்கள் இதை நிலத்தில் கிடத்திச் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு நாக்கையும் அதற்கென்று குடைந்த குழியில் பொருத்திப் பார்த்து, இரண்டு மரத்திலும் ஒரே எண்ணை வெட்டி, பிறகு கழற்றி, தூக்கி நிறுத்தும்போது எண்ணைப் பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். நான் வரைபடத்தைப் பார்த்து எண்ணியவன். அவர்கள் மரத்தின் மேலேயே எண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு அந்த ஆட்களைப் பிடித்துப் போயிற்று.

கொப்பியில் புதுப் பக்கம் திருப்பினேன். சோடி சோடியாக எழுதத் தொடங்கினேன். கைக்கு எட்டிய மூட்டுகளில் எண் தெளிவாக இருந்தவை நாற்பத்துநான்கு. நாற்பத்துநான்கும் சோடி சேர்ந்தன. நான்கை IIII என்றும் ஒன்பதை VIIII என்றும் வெட்டியிருந்தார்கள். வடக்கு வரிசைக்கு வெறும் எண். தெற்கு வரிசைக்கு எண்ணின் நுனியில் சிறிய வால். ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றும் இரண்டு தரம் வரவில்லை.

வெற்றுக் குழிகளின் பக்கத்திலும் எண்கள் இருந்தன. ஆனால் அவை இந்த ஒழுங்கில் சேரவில்லை. வெட்டு ஆழம், அளவு பெரிது, வேறொரு கை. பதின்மூன்றுக்குப் பக்கத்தில் ஐந்து, அதற்கு எதிரே பதினொன்று. சோடியும் இல்லை. எனக்குச் சினம் வந்தது.

"காணாமல் போன மரங்களின்ர எண்ணாக இருக்கும்" என்றேன்.

மனைவி வாசல் தூணில் இருந்த ஒரு வெற்றுக் குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். அது இடுப்பு உயரத்தில், வாசற்பக்கம் பார்த்தபடி இருந்தது.

"இதுக்குள்ள மரம் இருந்திருந்தால் அது எங்க போய் முட்டும்?"

"எதிர்த் தூணில."

"எதிர்த் தூணில குழி இல்லை. அதோட இது வாசல். அந்த மனிசன் தன்ர வாசலை மறிச்சோ மரம் வச்சவன்? பிள்ளையளெல்லாம் குனிஞ்சோ போனதுகள்?"

அந்தக் குழி என் பட்டியலில் இருபத்திரண்டாம் இலக்கம். "உறுப்பு காணவில்லை" என்று எழுதியிருந்தேன். காணாமல் போன உறுப்பு எங்கே நின்றிருக்கும் என்று ஒரு தரமும் கேட்கவில்லை. பத்தொன்பதையும் திரும்பப் போய்ப் பார்த்தேன். ஒன்றில் மரம் இருந்தால் புகைபோக்கியைக் குத்தும். இரண்டில் இருந்தால் வீட்டுக்கு வெளியே, வெறும் ஆகாயத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றுக்குக்கூட இந்த வீட்டில் ஒரு மரமும் எதிர்க்குழியும் வராது.

இந்த மரங்கள் இதற்கு முன் வேறொரு கட்டிடத்தில் நின்றவை. களஞ்சியமாக இருக்கலாம், மாட்டுக் கொட்டிலாக இருக்கலாம். அதைப் பிரித்து, ஆணிகளைத் தட்டிக் கழற்றி, நல்ல மரங்களைத் தேர்ந்து, புதுக் குழி குடைந்து, புது எண் வெட்டி இந்த வீட்டைக் கட்டியிருக்கிறார்கள். வெற்றுக் குழிகள் அந்தப் பழைய கட்டிடத்துக்குச் சொந்தம். இந்த வீட்டில் ஒரு மரமும் குறையவில்லை.

ஏணியின் இரண்டாம் படியில் உட்கார்ந்தேன். பத்தொன்பதைக் கழித்தால் இருபத்துநான்கு. அந்த இருபத்துநான்கில் உண்மையில் பயப்படவேண்டியவை தெற்கு அடிச்சட்டமும் ஒரு தூணின் பாதமும். மற்றவை ஜன்னல், கொளுக்கி, பூச்சு.

மனைவி கிண்ணங்களைத் திறந்தாள். அங்கே கதிரை இல்லை. இருவரும் அடிச்சட்டத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"பிள்ளைக்குச் சொல்லவேணுமோ?" என்றேன்.

"இதென்ன கேள்வி?"

"திங்கட்கிழமை எப்பிடியும் விக்கப் போகினம். அவையளும் மனசை மாத்திப்போட்டினம். இப்ப போய்க் குழப்பி..."

"அவள் மாத்தேல்ல. நீங்கள் மாத்தினனீங்கள்." அவள் குழம்பை என் புட்டின் மேல் விட்டாள். "நீங்கள் வீடு பாக்க வரேல்லையப்பா. பிழை பிடிக்க வந்தனீங்கள். எனக்கு முதல் சனிக்கிழமையே தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்ல?"

"எனக்கு மரம் தெரியுமோ? உங்களைத்தான் தெரியும். உங்களைத் தெரியும் எண்டு சொல்லி வீட்டை வாங்கேலுமோ?"

பிறகு, கையைக் கழுவிக்கொண்டு, வேறு யாரையோ பற்றிச் சொல்வது போல், "எனக்கும் அந்த வீட்டை விட்டு வாறது லேசில்லை. ஆனால் அவள் காருக்குள்ள இருந்து பிஸ்கட் தின்னுறதைப் பாத்துக்கொண்டிருக்க இனி ஏலாது" என்றாள்.

ஐந்து மணிக்கு வரவேண்டியவள் ஐந்து பதினெட்டுக்கு வந்தாள். சீருடையோடு, வாசலில் நின்று, "எல்லாம் எடுத்து முடிஞ்சுதா அப்பா?" என்றாள். உள்ளே வரவில்லை. விற்கப்போகும் வீட்டுக்குள் கால் வைக்க அவளுக்கு மனம் இல்லை என்று நினைக்கிறேன்.

"கொஞ்சம் உள்ளுக்கு வா. ஒண்டு காட்டவேணும்."

ரோச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். ஏழு எழும்பி நின்றது. தாங்குசட்டத்து ஏழையும் காட்டினேன். வாசல் தூணின் வெற்றுக் குழியைக் காட்டினேன். கொப்பியைக் காட்டினேன். நான் எழுதியதில் பத்தொன்பது பிழை என்று சொன்னேன். முப்பத்தெட்டு வருடத் தொழிலில் இத்தனை பிழையை ஒரே தாளில் விட்டதில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண் தெரியாமல் விட்ட பிழை இல்லை பிள்ளை. எனக்கு வர விருப்பமில்லை. அதைச் சொல்லப் பயத்தில வீட்டில பழியைப் போட்டுட்டன்."

மகள் கொப்பியை மூடினாள். பிறகு ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்கு ஆங்கிலம்தான். நான்கு நாட்களாக நித்திரை இல்லை என்பது மட்டும் விளங்கியது. பிறகு தமிழுக்கு வந்தாள்.

"வர விருப்பமில்லையெண்டால் வரவேண்டாம் அப்பா. ஆனால் இந்த வீட்டைப் பற்றிப் பொய் சொல்லாதேங்கோ. எனக்கு இதில விருப்பம்."

"இனிச் சொல்லமாட்டன்."

"அப்ப இதில இருக்கலாமோ, இல்லையோ?"

"இருக்கலாம்" என்றேன். "தெற்குச் சட்டத்தை மாத்தவேணும். ஒரு தூணுக்குப் புதுப் பாதம் வைக்கவேணும். மிச்சம் எல்லாம் நிக்கும். எனக்குப் பிறகும் நிக்கும்."

அவள் தொலைபேசியை எடுத்து மருமகனை அழைத்தாள். மறுமுனையில் அவர், "என்னது? மாமா தப்புனு மாமாவே சொன்னாரா? ரெக்கார்ட் பண்ணியா?" என்று கத்தியது எனக்குக் கேட்டது. திங்கட்கிழமை முகவரிடம் யாரும் போகவில்லை.

தச்சு வேலைக்கு வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி. அவருடைய வான் வண்டியில் நான் எண்ணிய அளவில் முப்பத்தாறு உளி இருந்தது. அவர் முதலில் கத்தியின் நுனியால் ஒவ்வொரு தூணையும் அடியில் குத்திப் பார்த்தார். பிறகு என் கொப்பியைக் கேட்டு வாங்கி, நாற்பத்துநான்கு சோடிகளையும் விரல் வைத்து வாசித்தார். இதை யார் செய்தது என்று கேட்டார். என்னைச் சொன்னார்கள். படி எடுத்துக்கொள்ளலாமா, இனி எந்த மரத்தைக் கழற்றினாலும் இது வேண்டியிருக்கும் என்றார். அன்று முழுவதும் நான் யாரோடும் சண்டை பிடிக்கவில்லை என்று மனைவி சொல்கிறாள்.

தெற்கு அடிச்சட்டத்தில் உக்கியது இரண்டு மீட்டர் நாற்பது. அதை வெட்டி எடுத்துப் புது மரம் வைக்க, அந்தப் பக்கத்தை, காரைத் தூக்குவது போல், ஜக்கி வைத்துத் தூக்கவேண்டும். நான்கு ஜக்கி வைத்தார்கள். ஒரு தரத்துக்கு மூன்று மில்லிமீட்டர், பிறகு காத்திருப்பார்கள். வீடு முனகும். புகைபோக்கிப் பக்கத்தில் ஒரு மூட்டு டக்கென்று சொல்லும். நான் ஓடிப்போய் அந்த மூட்டைப் பார்ப்பேன். அது இறுகியிருக்கும், விரிந்திருக்காது. நீர்மட்டத்தைப் பார்த்து எண் சொல்வது என் வேலையாயிற்று. நாற்பத்தெட்டு. நாற்பத்தைந்து. நாற்பத்திரண்டு. மருமகன் கதவடியில் நின்று, ஒவ்வொரு தரமும் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். முப்பத்துமூன்றில் கதவு முதல் தரம் தானாக நிலையில் போய் உட்கார்ந்தது. அவர் கை தட்டினார்.

மூன்றாம் நாள் ஒன்பதுக்கு வந்ததும் தச்சர் ஜக்கிக் கைபிடியில் இருந்து கையை எடுத்துவிட்டார். போதும் என்றார்.

இன்னும் ஒன்பது இருக்கிறதே என்றேன்.

இருக்கட்டும், இவ்வளவு காலம் சாய்ந்து நின்றதில் மரங்கள் அதற்கேற்ப வளைந்துவிட்டன, இதற்கு மேல் தூக்கினால் வடக்குப் பக்க மூட்டுகள் திறக்கும் என்றார். எனக்கு அது ஏறவில்லை. மூன்று தரம் மூன்று தூக்கினால் பூச்சியம். அவ்வளவு கிட்ட வந்துவிட்டு விடுவதா? வடக்கு வரிசையைப் போய்ப் பார்க்கச் சொன்னார். ரோச்சோடு போனேன். அதே ஏழாம் எண் மூட்டில் நாக்கின் தோள், அதாவது நாக்கு தொடங்கும் விளிம்பு, தூணில் இருந்து ஒரு தாளின் கனத்துக்கு விலகத் தொடங்கியிருந்தது. விரல் நகத்தால் தொட்டுப் பார்த்தேன். திரும்பி வந்து, கொப்பியில் ஒன்பது என்று எழுதி, கீழே கோடு போட்டேன்.

புதுச் சட்டம் உள்ளே போய் உட்கார்ந்து, மர ஆணி ஆறும் அடித்து முடிய மாலை நான்கு மணி. ஜக்கிகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். வீடு தன் பாரத்தைத் தானே வாங்கிக்கொண்டது. நான் மறுபடி அளந்தேன். ஒன்பதுதான். அசையவில்லை.

மகள் அன்று காலை நேர வேலையை முடித்து வந்து, வெறும் அறையின் நடுவில் நின்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

"கட்டிலை அந்தச் சுவரோட போடு" என்றேன்.

"எந்தக் கட்டிலை அப்பா?"

"எங்கட கட்டிலைத்தான். தலைமாடு வடக்க வேண்டாம் எண்டு கொம்மா சொல்லுவா. கிழக்க போடு. சரிவு இந்தப் பக்கம் ஒன்பது மில்லிமீட்டர் இருக்கு, தெற்குப் பக்கத்துக் கால் ரெண்டுக்கும் கீழ பலகை வைக்கவேணும். நான் வெட்டிக்கொண்டு வாறன். குசினிக்குப் போற வழியில ஒரு சுவிட்ச் வேணும், கதவைத் திறந்தவுடன கை போற உயரத்தில. சொல்லு உன்ர அவரிட்ட."

அவள் தொலைபேசியில் எழுதத் தொடங்கினாள். எழுதிக்கொண்டே, "எந்த உயரம் அப்பா? எத்தனை சென்ரிமீட்டர்?" என்று கேட்டாள்.

நான் கதவடியில் போய் நின்று, கண்ணை மூடி, கையை நீட்டினேன். அவள் அளவுநாடாவை இழுத்துக்கொண்டு வந்தாள்.